போர்க் கணக்கும் மெய்க் கணக்கும்



போர் மூண்டால் நம் செவிக்கு முதலில் எட்டுவன எண்களே. இத்தனை டாங்கிகள் அழிந்தன, இத்தனை விமானங்கள் வீழ்ந்தன என்பர். அவ்வெண்களை எங்ஙனம் சரிபார்ப்பது? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலேயே தொடங்கலாம்.

1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமித்தது. சுற்றுப்புறப் பாளையங்களை அடக்குவது அவருடைய பணி. போரில் காயமுற்ற வீரருக்குப் புண் ஆறும்வரை அரசு படி வழங்கும். ஒரு போரில் மெய்யாகக் காயமுற்றோர் 67 பேர். ஆனால் மஞ்சள் தோய்த்த கட்டுகளுடன் 700 பேர் அணிவகுத்து நின்றனர் என்று எழுதுகிறார் கர்னல் மார்க் வில்க்ஸ். சேனையை எண்ணியபோது, வீரர்களையே சுற்றிச் சுற்றி வரச்செய்து 10,000 பேரை 18,000 பேராகக் காட்டினர் என்றும் கூறுகிறார். தலைகளை எண்ணினர், பெயர்களை ஒப்பிடவில்லை. எண் பெருகப் பெருக, எண்ணைத் தந்தவருக்கே பணம் பெருகிற்று.

வானப் போரில் வஞ்சகம் இன்றியே எண் பெருகும். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மானியரின் ஏடுகளை ஆராய்ந்தபோது, அன்று அவர்கள் இழந்தவை ஏறத்தாழ 60 என்று தெரிந்தது. விமானிகள் பொய்யுரைத்தனர் என்பதில்லை. ஒரே விமானத்தை இருவர் மூவர் சுடுவர்; ஒவ்வொருவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவர். புகை கக்கி மேகத்துள் மறைந்த விமானம் தப்பித் தளம் சேர்ந்திருக்கவும் கூடும்.

அந்த ஜெர்மன் ஏடுகளை ஏன் நம்புகிறோம்? அவை ஊருக்குப் பறைசாற்ற எழுதப்பட்டவை அல்ல. இழந்ததற்கு ஈடாக வேறு விமானமும் ஆளும் அனுப்புவதற்காக எழுதப்பட்டவை. அவற்றில் விமானத்தின் தொழிற்சாலை எண்ணும் விமானிகளின் பெயர்களும் உண்டு. தரையில் கிடந்த சிதைவுகளோடும், சிறைப்பட்டோர் பட்டியலோடும், கல்லறைப் பெயர்களோடும் அவற்றை ஒப்பிட இயலும். திண்டுக்கல் கணக்கில் இல்லாதது இதுவே.

டாங்கியின் கணக்கில் வேறொரு சிக்கல் உண்டு. அடிபட்ட டாங்கியெல்லாம் அழிந்த டாங்கி ஆகிவிடாது. இரவில் இழுத்துச் சென்று பழுது பார்த்தால், சில நாளில் மீண்டும் களம் புகும். தாக்கியவர் அதை வெற்றியில் எழுதுவார். உரியவரோ இழப்பில் எழுதார். ஆகவே போர்க்களம் யார் வசம் எஞ்சியது என்று கேட்க வேண்டும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நிகழ்ந்த போரில் 97 பாகிஸ்தானிய டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. களம் இந்தியர் கையில் இருந்தது. பிடிபட்ட பாட்டன் டாங்கிகள் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தப்பட்டன. அவ்விடம் ‘பாட்டன் நகர்’ எனப் பெயர் பெற்றது. கண்ணால் கண்டு எண்ணத்தக்க சான்று அங்கே இருந்தது.

எனவே போர்க்கால எண் எதைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? அவர் கைக்கு எட்டாத வேறு சான்று அதனோடு பொருந்துகிறதா?

இவ்வினாக்களுக்கு வில்க்ஸும் விலக்கல்லர். ஹைதரோடு பொருதிய ஆங்கிலேயரின் தரப்பினர் அவர். அவருடைய நூல் 1810-க்கும 1817-க்கும் இடையே, நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே வெளிவந்தது. ஆகவே 67, 700 என்னும் எண்களும் சரிபார்க்கத்தக்க கூற்றுகளே. எதிரியின் பெருமிதத்தை ஐயுறுவது எளிது. நமக்கு இனிக்கும் எண்ணையும், நாம் மதிக்கும் ஆசிரியரின் எண்ணையும் அவ்வாறே ஐயுற்று ஆராய்வதே வரலாற்று மாணவரின் கடமை. கட்டு எத்துணை மஞ்சளாயினும், அவிழ்த்துப் பார்த்த பின்னரே காயம் உண்டென்று எழுத வேண்டும்.