நெஞ்சுக்கு வேலி

திருச்சிற்றம்பலம்.



சீவலப்பேரி என்னும் இவ்வூர் ஆறுகள் கூடும் ஊர். பொதிகையிற் பிறந்த பொருநையாள், தாமிர சபையையுடைய திருநெல்வேலியைச் சார்ந்து இங்கு வருகிறாள். சித்திர சபையையுடைய திருக்குற்றாலத்து மலையிலிருந்து சிற்றாறு வருகிறது. ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் இரண்டினைச் சார்ந்து வரும் நீர் இவ்விடத்தில் ஒன்றாகின்றது. குற்றாலத்துப் பாறையில் மோதி, இரைந்து, புகையெனச் சிதறிய அதே நீர், இங்கு வரும்பொழுது ஓசையடங்கி மணலைத் தழுவி நடக்கிறது. நீர் வேறாகிவிடவில்லை. படுகை அகன்றது, நிலம் தாங்கிற்று, ஆதலின் அமைதியுற்றது. நம் மனமும் அத்தகையதே. அதனை அடக்க முயன்று தோற்பதினும், அது தங்குதற்கு ஓர் இடம் தருதலே முறை. அவ்விடத்தை நாள்தோறும் எளிய செயல்களால் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதையே இன்று சிந்திக்க விழைகின்றோம்.

இதனைச் சிந்திக்கத் தூண்டியது ஒரு துயரம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், மார்கழி பிறந்த அன்று தொடங்கிய பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பொருநை கரை கடந்தது. வெள்ளம் வரும் குறி கண்டு உழவர் மகிழ்ந்ததைப் பாடும் முக்கூடற் பள்ளு தோன்றிய இம் மண்ணிலேயே, வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு நடுங்கும் காலம் வந்தது.

அவ்வெள்ளம் வடிந்த சில திங்கள்களுக்குப் பின், ஆற்றங்கரையூர் ஒன்றில் நெல்லையப்பர் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் அறிந்த வரலாறுதான். வேதசன்மர் என்னும் வறிய அடியார், இறைவன் திருவமுதுக்கென இரந்து பெற்ற நெல்லைச் சன்னிதியில் உலர்த்திவிட்டுப் பொருநையில் நீராடச் சென்றார். மழை பெருகியது. நெல் போயிற்றே, பெருமானுக்கு அமுது இல்லையே என்று பதறி ஓடிவந்தார். வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல்லின்மேல் வெயில்! இறைவன் வேலி கட்டிக் காத்திருந்தான். நெல்லுக்கு வேலியிட்டதனால் அத் திருத்தலம் நெல்வேலி ஆயிற்று.

சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த மூதாட்டியார் ஒருவர் எழுந்தார். “ஐயா, அன்று அந்த அடியாருக்கு வேலி கட்டிய நெல்லையப்பர், எங்கள் நெல்லுக்கு ஏன் கட்டவில்லை? நானும் அவரைத்தானே கும்பிட்டேன்?” என்று கேட்டார். வீட்டிலிருந்த நெல்லும் ஆடும் ஆற்றோடு போயின என்றும், அன்று முதல் வானம் இருண்டாலே கை நடுங்குகிறது, உறக்கம் வருவதில்லை என்றும் சொன்னார்.

வினைப்பயன் என்னும் விடை எம் நாவின் நுனிவரை வந்தது. சாத்திரம் அதனைச் சொல்கிறது. யாமும் பலகால் மேடையில் சொல்லியிருக்கிறோம். ஆயினும், அழுது நிற்பவர் முகத்தைப் பார்த்து, இது உன் வினை என்று கூறுதல் அருளுடைமை ஆகாது என்று தோன்றிற்று. விடை கூறாமல் கைகூப்பி நின்றோம். நாற்பது ஆண்டுகளாகப் பேசிவரும் எமக்கு அன்றிரவு உறக்கம் இல்லை.

அன்பர்களே, அக் கேள்விக்கு இன்றும் எம்மிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் அம்மையார் கேட்டவை இரண்டு. ஒன்று நெல்லைப் பற்றியது. மற்றொன்று நடுங்கும் கையைப் பற்றியது. நெல்லுக்கு இறைவன் இட்ட வேலி அவன் திருவருட் செயல். நெஞ்சுக்கு இடவேண்டிய வேலியையோ நம் கையிலேயே கொடுத்திருக்கிறான். உடம்பு ஐம்பூதங்களால் ஆயது. காஞ்சியில் நிலமாகவும், ஆனைக்காவில் நீராகவும், அண்ணாமலையில் தீயாகவும், காளத்தியில் காற்றாகவும், தில்லையில் வெளியாகவும் நிற்கும் பெருமான், அவ்வைந்தையும் நம் வீட்டு வாயிலிலேயே வைத்திருக்கிறான். அவையே வேலியின் ஐந்து கால்கள்.

முதலாவது நிலம். கலங்கிய மனம் நடந்தவற்றிலும் வரப்போவனவற்றிலும் அலையும். உடம்போ இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஆகவே முதலில் உடம்பின் துணையைக் கொள்ளுங்கள். திருக்கோயிலை வலம் வரும்பொழுது, எண்ணெய் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடக்கும் நிறைசூலியைப் போல் அடி வைக்கவேண்டும் என்று பெரியோர் விதித்தனர். அவ்வாறு நடப்பவர்க்கு ஒவ்வோர் அடியிலும் தரை தெரியும். ஓடி ஓடி ஒன்பது சுற்றுச் சுற்றுவதினும் இவ்வாறு ஒரு சுற்றுச் சுற்றுதல் நன்று. ஆடவர்க்கு எட்டு உறுப்பும், மகளிர்க்குத் தலை, கை இரண்டு, முழந்தாள் இரண்டு என ஐந்து உறுப்பும் நிலம் தோய வணங்குதல் விதி. வணங்கியவுடன் எழுந்துவிடாதீர்கள். உங்கள் பாரத்தை நிலம் தாங்குவதை உணரும்வரை கிடங்கள். முழந்தாள் நோவுடைய முதியோர் பாதம் இரண்டும் தரையில் படிய அமர்ந்திருந்தாலும் போதும்.

இரண்டாவது நீர். வெள்ளத்தில் அஞ்சியவர்க்கு நீரே மருந்தாகுமோ என்பீர்கள். ஒரு செம்பு நீரை அஞ்சவேண்டுவதில்லை அன்றோ? பதற்றம் வரும்பொழுது கை, கால், முகம் கழுவி, திருநீறு அணிந்து, ஒரு வாய் நீர் மெல்லப் பருகுங்கள். வெளியிலிருந்து வந்தவுடன் கால் கழுவிய பின்னரே இல்லத்துள் புகும் நம் முன்னோர் வழக்கம் தூய்மைக்கு மட்டுமன்று. தெருவின் ஆரவாரத்தைத் தெருவிலேயே விடுதற்கும் ஆம்.

மூன்றாவது தீ. அந்தியில் ஒரு விளக்கு. திரியை நீங்களே திரியுங்கள். எண்ணெயை நீங்களே வாருங்கள். கைக்குப் பணி கொடுத்தால் மனத்தின் ஓட்டம் குறையும். அப்பர் பெருமான் திருப்பதிகம் பாடியதோடு அமையாது, உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினார் என்பதை நினையுங்கள். விளக்கின்முன் கால் மணி நேரம் இருங்கள். அந்நேரத்தில் கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும்.

நான்காவது காற்று. திருமூல நாயனார் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை உரைக்குமிடத்து மூச்சின் நெறியையும் வகுத்தார். அடக்கி நிறுத்தும் கும்பகம் முதலியவற்றை ஆசிரியர் இன்றிப் பயிலவேண்டா. எல்லார்க்கும் உரிய எளிய வழி ஒன்று உண்டு. இயல்பாக மூச்சை உள்ளே வாங்கி, வாங்கியதினும் நீளமாக, மெல்ல வெளியே விடுங்கள். அவ்வாறு விடும்பொழுது நெஞ்சின் துடிப்பு தணியும் என்று இக்கால மருத்துவரும் கூறுவர். பத்து முறை போதும்.

ஐந்தாவது வெளி. ஓசையற்ற இடத்தில் ஓசையின்றி ஐந்தெழுத்தை எண்ணுதல். எண்ணிக்கை பெரிதன்று. ஐந்தெழுத்து நின்ற இடத்தில் சிறிது நேரம் வேறெதனையும் நினையாது இருத்தலே பெரிது. தரிசனம் முடிந்ததும் கோயிலில் சற்று அமர்ந்து எழும் வழக்கம் இதற்கே. நாம் அதனைச் செருப்பு மாட்டுமுன் இடுப்பு வலி தீர உட்காரும் செயலாக ஆக்கிவிட்டோம்!

இவ்வைந்தும் செய்தும் வாரக்கணக்கில் உறக்கம் இன்மையோ, வாழ்வே வெறுத்துப்போதலோ நீங்காவிடின் மருத்துவரிடம் செல்லுங்கள். அது பத்திக்கு இழுக்கன்று. சூலை நோயால் வருந்திய அப்பர், அதனை மறைத்துக்கொண்டு தனியே கிடக்கவில்லை. இருளோடு இருளாகத் திருவதிகை சென்று தமக்கையார் திலகவதியார் திருவடியில் வீழ்ந்தார். துன்பத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்பவரைத் தள்ளாத ஓர் ஆளாக நாமும் இருத்தல் வேண்டும்.

நெல்லைக் குறுக்குத்துறை முருகனை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் நடுவே அவன் கோயில். வெள்ளம் வரும்பொழுது உற்சவர் மேலைக் கோயிலுக்கு எழுந்தருளுவார். பாறையிலமைந்த மூலவரோ அங்கேயே இருப்பார். வெள்ளம் தலைக்குமேல் போகும், பின் வடியும். சேற்றைக் கழுவி மீண்டும் விளக்கேற்றுவர். உற்சவரைப் போல் விலகவேண்டிய நேரத்தில் விலகுக. மூலவரைப் போல் ஓரிடத்தில் ஊன்றியும் இருக்க. இரண்டும் வேண்டும்.

அம் மூதாட்டியாரை மறு ஆண்டு ஐப்பசியில் கண்டோம். அன்றும் மழை. யாம் சொல்லிக்கொடுத்த இவற்றை விடாது செய்து வந்ததாகக் கூறினார். “நடுக்கம் முழுவதும் போகவில்லை ஐயா. ஆனால் வந்தால் எங்கே உட்காரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இடிக்குப் பயந்து வந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்கிறேன்” என்றார். பின் சிறிது பொறுத்து, “நெல்லைப் பற்றிக் கேட்டேனே, அதை அவரிடமே நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

அன்பர்களே, அதுவும் வழிபாடே. விடை வராத கேள்வியோடும் அவன் திருமுன் அமர்ந்திருக்கும் ஒருவர், வேலிக்கு உள்ளே இருக்கிறார். அவ்வேலிக்குள் அஞ்சிய பிள்ளைகள் இருவருக்கும் இடம் கிடைத்தது. வெள்ள நாள்களில் நமக்குச் சோறு வடித்துத் தந்தவர்கள், தோளில் சுமந்து கரையேற்றியவர்கள் ஆகியோரின் கைகளும் நெல்லையப்பர் கட்டிய வேலியே என்று யாம் இப்பொழுது எண்ணுகிறோம்.

இன்று வீடு திரும்பியதும் ஐந்தையும் ஒருங்கே தொடங்கவேண்டா. வாயிலில் கால் கழுவுங்கள். ஒரு விளக்கு ஏற்றுங்கள். தரையில் அமருங்கள். மற்றவை தாமே வரும். காந்திமதியம்மை உடனாய நெல்லையப்பர் திருவருள் எல்லார் நெஞ்சுக்கும் வேலியாய் நிற்க.

திருச்சிற்றம்பலம்.