ரேகை தேய்ந்தவர்கள்

(வெள்ளானூர் காலனியில் இரவுப் பாடசாலை மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த கொச்சையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



'குடும்பத்தில் தாத்தா பாட்டியின் இடம்: அன்றும் இன்றும்' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கே என்று முதலில் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் இது லேசுப்பட்ட தலைப்பு இல்லை என்று தெரிந்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒரு காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது, திண்ணை இருந்தது, திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுத் தாத்தா இருந்தார், முற்றத்தில் பாட்டி நிலாச்சோறு உருட்டிக் கொடுத்தாள், இன்றைக்கு எல்லாம் போய் முதியோர் இல்லம் வந்துவிட்டது என்று ஒரு புலம்பல். பத்திரிகைகளின் தீபாவளி மலரைப் புரட்டினால் இது வராத வருஷம் இல்லை. நான் கேட்கிறேன், அது யார் வீட்டுத் திண்ணை? அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த மனுஷனுக்கு அந்தத் திண்ணையில் என்ன இடம் இருந்தது?

எங்க ஆயாவுக்கு சாய்வு நாற்காலி கிடையாது. ஓய்வு வயசு என்ற ஒன்றே கிடையாது. நடவுக்கு முதுகு வளையாமல் போனதும் செங்கல் சூளைக்குப் போச்சு. சூளையில் கல் தூக்க முடியாமல் போனதும் பேரப்பிள்ளைகளைத் தூக்கிச்சு. நாங்கள் ஏழு பேர், சித்தி பிள்ளைகளையும் சேர்த்து. கதை சொல்லி வளர்த்ததா என்று கேட்பீர்கள். சொல்லும், பாதிக் கதையில் அதுவே தூங்கிவிடும். அவ்வளவு களைப்பு.

'இந்தியக் குடும்பம் முதியவர்களை மதிக்கும்' என்கிற கருத்தாக்கத்தை நாம் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. மரியாதை வயசுக்கு இல்லை, சாதிக்குத்தான். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் அவருடைய பாட்டி நாயக்கர் வீடுகளில் வேலை செய்கிறவர். நேற்றுப் பிறந்த நாயக்கர் வீட்டுப் பிள்ளைகூட அந்தப் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, பாட்டி அந்தப் பிள்ளையை 'அய்யா' என்கிறார். படித்தபோது எனக்கு அது இலக்கியமாகவே படவில்லை, எங்க வீட்டு விஷயமாகத்தான் பட்டது. எங்க ஆயாவைக் கேட்டேன். "பேரு சொன்னாக்கூட பரவால்லியே, 'ஏய்'னு இல்ல கூப்டானுங்க" என்றது.

பேர் என்றதும் இன்னொன்று. பேரன் என்பது பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். என்ன அழகான சொல்! ஆனால் எந்தப் பெயரை? எங்க தாத்தாவின் பேர் குப்பன். அடுத்த தெருவில் ஒரு மண்ணாங்கட்டி, அதற்கடுத்து ஒரு பிச்சை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் இப்படிப் பேர் வைக்கிற வழக்கம் எல்லாச் சாதியிலும் உண்டு என்பார்கள், உண்மைதான். ஆனால் நல்ல பேர் வைத்தால் ஆண்டை முறைப்பான் என்பதும் உண்மை. எனக்குப் பேர் வைக்கும்போது எங்க நைனா தாத்தா பேரை விட்டுவிட்டார். சுத்தமான தமிழ்ப் பேர் ஒன்று தேடி வைத்தார். அது விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனாலும் தாத்தா சாவதற்கு முன்னால் ஒரு நாள், "எம் பேரு என்னோட போவட்டும்டா" என்று சொன்னது. பெருமையாகச் சொன்னாரா, துக்கமாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அயோத்திதாசப் பண்டிதரும் தாத்தா பெயரைத் தாங்கியவர் இல்லை. 1845இல் பிறந்தபோது அவருக்குக் காத்தவராயன் என்று பேர், பிறகு தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டார். அவருடைய தாத்தா கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரர் வீட்டில் பட்லர். தன் வீட்டில் காப்பாற்றி வைத்திருந்த திருக்குறள் ஏட்டை அந்தத் துரை வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் என் தாத்தா என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். 1907 முதல் 1914இல் தான் சாகும்வரை நடத்திய 'தமிழன்' பத்திரிகை இருந்ததால்தான் கந்தப்பன் இன்று நமக்குத் தெரிகிறார். சமையல்காரர் வீட்டில் ஏடு இருந்தது என்பதைப் பேரன் அச்சில் ஏற்றாவிட்டால் எந்தப் புலவர் சொல்லியிருப்பார்? பெயரைத் தாங்குவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

சரி, பிள்ளை வளர்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்கு ஆகாத கிழவியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெற்றவளை வயலுக்கு ஓட்டுவது நம் நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. பிரடெரிக் டக்ளஸ் அமெரிக்காவில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் அம்மாவைத் தூரத்துப் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வளர்த்தது பாட்டி பெட்சி பெய்லி. பேரனுக்கு ஆறு வயசு ஆனதும் பாட்டியே அவனைப் பன்னிரண்டு மைல் நடத்திக் கூட்டிப்போய் எஜமானனின் பெரிய பண்ணையில் விட்டுவிட்டு, சொல்லாமல் திரும்பிவிட வேண்டியிருந்தது. வளர்த்தது அவள், சொத்து எஜமானனுடையது. கடைசிக் காலத்தில் அந்தப் பாட்டியைக் காட்டில் ஒரு குடிசையில் தனியாக விட்டுவிட்டார்கள் என்று 1845இல் வந்த தன் வரலாற்றில் டக்ளஸ் கொதித்துப் போய் எழுதுகிறார். பாட்டி பாசத்தைப் பற்றி உலகம் பூரா உருகுகிறார்கள். அந்தப் பாசத்தைச் சும்மா வேலை வாங்கியவன் யார் என்று கேட்கிறவர் டக்ளஸ்.

இன்றைக்கு நம் பக்கம் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு விடியற்காலையில் வேன் ஏறுகிற பெண்கள் எத்தனை பேர்! முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு சொல்லிவந்தது. காண்ட்ராக்டில் போகிற நம் தங்கச்சிகள் யாராவது அந்தக் காப்பகத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் கையைத் தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை.) ஆக, காப்பகம் யார்? ஆயாதான். கம்பெனியின் செலவை நம் ஆயா சுமக்கிறது, கூலி இல்லாமல்.

இதிலும் பேதம் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற மேல்சாதி நண்பர்கள் குழந்தை பிறந்தால் ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பார்கள். அக்கா அமெரிக்காவில் இருந்தால் அம்மா ஆறு மாத விசாவில் பறப்பார். அதற்குப் பேர் பாசம். வயல்கள் மனைகளாகி அடுக்குமாடிகள் வந்த பிறகு நம் ஆயாக்கள் அங்கே பெருக்கித் துடைக்கப் போகிறார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டுகிறார்கள். அவர்களுடைய சொந்தப் பேரப்பிள்ளை காலனியில் அங்கன்வாடி விட்ட பிறகு தெருவில் நிற்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வசதியுள்ள மகனும் பேரனும் கவனிக்காவிட்டால் தாத்தா பாட்டி மனுக் கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் வரை கேட்கலாம். எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்க எங்க ஆயாவிடம் ஒரு சுருக்குப் பைதான் இருந்தது. பேரனிடம் கேட்கலாம் என்றால் பேரனே தினக்கூலி. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம்தான் பேரன். 1962இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011இல் 1000. 2023 ஆகஸ்டில் 1200. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 2007இல் 200 ரூபாய். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த 200 அசையவில்லை. எனக்குப் பஞ்சப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாறும்.

இப்போது என் மேல் ஒரு குற்றச்சாட்டு. நான் வங்கிக் குமாஸ்தா. முன்பெல்லாம் இந்தப் பணத்தைத் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கையில் கொடுப்பார், ஆயாக்கள் கைநாட்டு வைப்பார்கள். இப்போது வங்கி வழியாக வருகிறது, மிஷினில் விரலை வைக்க வேண்டும். மாத ஆரம்பத்தில் வரிசை நிற்கும். ஓய்வு பெற்ற அதிகாரி வந்தால் "வாங்க சார், உட்காருங்க" என்கிற என் வாய், அந்த வரிசையைப் பார்த்து "ஏம்மா, விரல நல்லா அழுத்து" என்று சொல்லிப் பழகியிருந்தது. கவிதை எழுதுகிற வாய்தான்.

ஒரு நாள் அந்த வரிசையில் எங்க ஆயாவே வந்து நின்றது. கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. ஈரத்துணியில் துடைத்து வைத்தோம், எண்ணெய் தடவினோம், பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. நாற்றிலும் சேற்றிலும் செங்கல்லிலும் தேய்ந்து போன விரல், ரேகை எங்கிருந்து வரும்? கைநாட்டு என்று நம்மைக் கேலி பேசினார்கள் அல்லவா, இப்போது கைநாட்டும் செல்லாது. இது எங்க ஆயாதான் என்று எனக்குத் தெரியும், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தச் சாட்சியைப் போட மிஷினில் இடமில்லை. "வுடுடா, அடுத்த மாசம் வரேன்" என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டு ஆயா போச்சு. எழுபது வருஷம் வேலை செய்ததற்கு அந்த விரல்தான் அத்தாட்சி. அதையே காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தினோம். அன்றிலிருந்து வரிசையில் யார் வந்தாலும் 'வாங்க ஆயா, வாங்க தாத்தா'தான். அதனால் விரல் விழுந்துவிடாது, தெரியும்.

ஆதார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, ரேகை சேரவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் உதவி மறுக்கப்படாது என்று அரசுத் தரப்பே உறுதி கொடுத்திருக்கிறது. கருவிழிப் பதிவு, செல்போனுக்கு வரும் ரகசிய எண் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் ஆயாவிடம் செல்போன் இல்லை, இருந்தால் அது பேரனிடம் இருக்கிறது. தம்பிகளா, அந்தப் பேரன் நீங்கதான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் உட்காருவோம். விரல் விழாத ஆயா, தாத்தா எல்லோரையும் கூட்டி வாங்க. ஆதார் நகல், உதவித்தொகை உத்தரவு நகல், பாஸ்புக் மூன்றும் வேண்டும். மனு நான் எழுதித் தருகிறேன். அதில் அவர்கள் பார்த்த வேலையையும் எத்தனை வருஷம் பார்த்தார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கப் போகிறேன், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காவிட்டாலும். அதனால் சனிக்கிழமை ராத்திரியே ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். பேரையும் கேளுங்கள். கார்டில் இருப்பதில்லை, வீட்டில் கூப்பிட்ட பேர்.