எர்த் ஒயரும் என் அத்தையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசு, அறுக்காம பேசு" என்று செயலாளர் கட்டளை. எலக்ட்ரிகல்காரன் எதைப் பேசினாலும் அறுவைதான் என்பது நம் ஹாஸ்டல் நாட்களிலேயே முடிவான விஷயம். அதனால் தியரியைக் குறைத்துக்கொண்டு, நான் அவமானப்பட்ட ஒரு கதையைச் சொல்கிறேன்.

என் ஊர் தொட்டியம். திருச்சியிலிருந்து நாமக்கல் ரோட்டில் முசிறியைத் தாண்டினால் வரும். காவிரியின் வடகரை, எங்கு பார்த்தாலும் வாழை. ரிட்டயர் ஆன பிறகு 1986 மாடல் மெட்டடார் வேன் ஒன்றை வாங்கினேன். அதை ஒரு சின்ன வீடாகவே மாற்றியிருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ஸ்டவ். குடும்பத்தோடு ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சுற்றிவர ஆசை.

வண்டிக்குள் இரண்டு மின்சாரம் உண்டு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் பேட்டரியின் 12 வோல்ட் டிசி. எங்காவது நிறுத்தி வீட்டு ப்ளக்கில் செருகினால் 230 வோல்ட் ஏசி. அந்த ஏசியை டிசியாக்கி பேட்டரியை நிரப்புகிற பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். என் வண்டியில் இருந்தது பழைய காலத்துப் பெட்டி. உள்ளே ஒரு ட்ரான்ஸ்பார்மர், நாலு டயோடு, அவ்வளவுதான். ஓயாமல் 'ம்ம்ம்' என்று முனகும். லைன் வோல்ட்டேஜ் ஏறினால் அதுவும் ஏறும். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். "பழசுன்னா அப்படித்தான்" என்று விட்டுவிட்டேன்.

2019 பங்குனி. எங்கள் மதுரை காளியம்மன் கோயில் திருவிழா. தேரைப் பக்தர்கள் தோளில் சுமந்து வரும் திருவிழா என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீடு முழுக்க உறவுக்காரர்கள். படுக்க இடம் போதவில்லை. வேனை வாசலில் நிறுத்தி, வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தேன். கையில் கிடைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான். வேன் ப்ளக்கிலோ மூன்று பின். நான் என்ன செய்தேன்? கட்டிங் ப்ளேயரை எடுத்து எர்த் பின்னை நறுக்கிவிட்டேன். வருஷக்கணக்காகக் கரண்டோடு பழகிய மனுஷன் செய்த காரியம் இது!

சாயங்காலம் அத்தை வந்தாள். என் அப்பாவின் தங்கை, எழுபது தாண்டியவள், பள்ளிக்கூடம் போகாதவள். "ஏன்டா தம்பி, வேன் கதவு சுள்ளுங்குதே?" என்றாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "உனக்கு நரம்புத் தளர்ச்சி அத்தை, டாக்டரைப் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் காலில் ரப்பர் செருப்பு இருந்ததை நான் யோசிக்கவில்லை. அவள் வெறுங்காலோடு நின்றாள்.

மறுநாள் விடியற்காலை. என் தங்கை மகன், பன்னிரண்டு வயசு, பம்ப் செட்டில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடிவந்து வேன் கைப்பிடியைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை. சத்தமும் வரவில்லை, பல் கிட்டித்துவிட்டது. நான் இழுக்க ஓடினேன். அத்தை "தொடாதடா!" என்று கத்திக்கொண்டே திண்ணைக்குப் போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பையன் அப்படியே விழுந்தான். மோட்டார் ஷெட்டையே பார்த்து வளர்ந்தவள். கரண்டில் மாட்டியவனைத் தொடக்கூடாது, முதலில் கரண்டை நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குப் பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது. படித்த நான் தொடப் போனேன். ஆண்டவன் புண்ணியம், பையன் பிழைத்தான்.

நண்பர்களே, என்ன நடந்தது? கன்வெர்ட்டரைக் கழற்றினேன். உள்ளே குளவிக் கூடு. காயில் வார்னிஷ் கருகியிருந்தது. 500 வோல்ட் மெக்கரை வைத்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. காட்டியதோ ஏறக்குறைய 6000 ஓம். பெட்டியை வண்டித் தகட்டில் போல்ட் போட்டிருக்கிறது. வண்டியோ ரப்பர் டயரில் நிற்கிறது. ஆக வேன் முழுக்க கரண்ட். உள்ளே படுத்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, கம்பியில் உட்கார்ந்த காக்கை மாதிரி. ஒரு கை வண்டியில், ஒரு கால் மண்ணில் என்று இறங்குகிறவனுக்குத்தான் ஆபத்து.

கணக்குப் போடுங்கள். ஈர உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7000. 230ஐ வகுத்தால் சுமார் 33 மில்லியாம்பியர். தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போவதற்கு இது தாராளம். கருகல் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் இன்று நான் இங்கே வேறு மாதிரி நின்றிருப்பேன்.

சரி, அந்த எர்த் பின் இருந்திருந்தால்? எங்கள் வீட்டு எர்த்தின் தடையை 20 ஓம் என்று வையுங்கள். 6000 ஓமும் 20 ஓமும் பங்கு போட்டுக்கொண்டால், வேன் தகட்டில் மிஞ்சுவது ஒரு வோல்ட் கூட இல்லை! நான் நறுக்கியது அரை அங்குலப் பித்தளை அல்ல, ஒரு பிள்ளையின் உயிர்க்கயிறு.

ஆனால் எர்த் மட்டும் போதுமா? போதாது. இன்சுலேஷன் முழுதாகப் போய்விட்டால், 20 ஓமில் ஓடுவது பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் ஃப்யூஸ் அதைப் பார்த்துச் சிரிக்கும், போகாது. அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் நொடிக்குள் கட் பண்ணும். எர்த்தோடு இது இருந்திருந்தால், ப்ளக்கைச் செருகியபோதே விழுந்திருக்கும், எனக்கும் உறைத்திருக்கும்.

பிறகு செய்ததைச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்தேன். எலக்ட்ரானிக் சார்ஜர் போட்டேன். 14.4 வோல்ட்டில் நிரப்பி, நிரம்பியதும் 13.6க்கு இறங்கிக்கொள்ளும்; பேட்டரி கொதிப்பதில்லை. பெட்டியிலிருந்து வண்டித் தகட்டுக்கு 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் தனியாக இழுத்தேன். போல்ட் இறுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி, பல் வாஷர் போட்டு, துரு ஏறாமல் வாசலின் தடவினேன். பெயின்ட் மேல் இறுக்கின எர்த், எர்த்தே இல்லை. பேட்டரியின் நெகட்டிவையும் தகட்டோடு சேர்த்தேன். வீட்டிலிருந்து வருவது இப்போது மூன்று கோர் கேபிள், மூன்று பின் ப்ளக். நியூட்ரலையும் எர்த்தையும் வண்டிக்குள் எங்கும் சேர்க்கவில்லை. சேர்த்தால் நியூட்ரல் அறுந்த அன்று வண்டி மறுபடி எமனாகும்.

வீட்டில் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் புதைத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தேன். ஐ.எஸ். 3043 சொல்லும் வேலைதான். ஆற்றங்கரை மணல் காய்ந்தால் தடை ஏறும். அதனால் கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் டூட்டி. துளசிக்கு ஒரு குடம், எர்த்துக்கு ஒரு குடம்.

எல்லாம் முடிந்ததும் மெக்கர் வைத்தேன், ஆர்.சி.சி.பி. பட்டனை அமுக்கிப் பார்த்தேன். பிறகு அத்தையைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் நானே நின்று கைப்பிடியைப் பிடித்தேன். "சுள்ளுங்குதாடா?" என்றாள். "இல்லை அத்தை" என்றேன். "அன்னைக்கும் அப்படித்தான்டா சொன்னே" என்றாள்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி. பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வீட்டில் யாராவது "சுள்ளுங்குது" என்று சொன்னால், வயசையும் படிப்பையும் பார்க்காமல் மெயினை நிறுத்திவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.