பனையோலையும் பூசணமும்
(தோணிரேவில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள இவ்வூர்ப் பெண்மணிகள் பனையோலையால் முடையும் கூடைகளும் பெட்டிகளும் பெயர் பெற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவற்றைப் பூசணம் பற்றினால் பல நாள் உழைப்பு வீணாகிறது. துடைத்தாலும் அது மீண்டும் தோன்றுவது ஏன்?

பூசணம் செடியன்று. பனையோலையின் உயிரணுச் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. பூசணத்தின் சுவரோ வேறு. அதன் உட்புறத்தில் கைட்டின் இழைகள், தளத்தினுள் கம்பிபோல் வலுவூட்டுகின்றன. குளுக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் அவற்றோடு பிணைந்துள்ளன. சர்க்கரை சேர்ந்த புரதம் வெளியே போர்த்தியிருக்கிறது. 1811-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயன அறிஞர் பிராக்கோனோ கைட்டினைக் காளானில் கண்டறிந்தார். நம் ஏரி இறாலின் ஓட்டிலும் இதுவே உள்ளது. இறால் ஓடு நீரில் கரைவதுண்டோ? பூசணச் சுவரும் கரையாது. ஈரத்துணியால் துடைத்தால் மேலே தெரிவது மட்டும் அகலும்; ஓலைக்குள் ஊடுருவிய இழைகள் எஞ்சி, அவ்வீரத்திலேயே மீண்டும் வளரும்.

எத்துணை உறுதியான சுவராயினும், ஈரமின்றிப் பூசணம் வளராது. ஆகவே முடைந்தவற்றை நன்கு உலர்த்திய பின்னரே அடுக்குங்கள். தரையில் வையாது, காற்றோட்டமுள்ள பரணில் வையுங்கள். நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் இதுவே விதி. மழைக்காலத்தில் உலர்த்துவதற்குக் கூரையிட்ட பொதுக் கொட்டகை ஒன்று அமைக்கப் பஞ்சாயத்து முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.