சொன்னது பாதி, சேர்த்தது மீதி

(பொன்விழாக் கருத்தரங்கில் இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் இளைய வணிகர்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கிய விழாக் குழுவினருக்கு எங்கள் நன்றி. ஊகமும் சொல்நயமும் மக்களின் நம்பிக்கையை எப்படி உருவாக்குகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அறிஞர்கள் பேச வேண்டிய தலைப்பை வியாபாரிகளிடம் ஏன் கொடுத்தார்கள் என்று முதலில் யோசித்தோம். பிறகு புரிந்தது. பிறரை நம்ப வைப்பதுதானே எங்களுடைய அன்றாட வேலை! சர்க்கரையின் எடையைப் பற்றி மளிகைக்கடைக்காரரிடம் கேட்பதுபோல, சொல்லின் எடையைப் பற்றி எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

கடையில் நின்று நாங்கள் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருவரைத் தவறாக நம்ப வைக்கப் பொய் சொல்லத் தேவையில்லை. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் போதும். மீதியை வாங்க வந்தவரே முடித்துக்கொள்வார். தாமே முடித்தது என்பதால் அதன்மேல் அவருக்குச் சந்தேகமே வராது.

எங்கள் துணிக்கடைகளில் தொங்கும் அட்டைகளையே எடுத்துக்கொள்வோம். "70 விழுக்காடு வரை கழிவு" என்று எழுதியிருக்கும். எல்லார் கண்ணிலும் படுவது 70. "வரை" என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கும். நூறு வகைத் துணிகளில் ஒரே ஒரு வகைக்கு 70 விழுக்காடு குறைத்திருந்தாலும் அந்த அட்டை பொய்யாகாது. உள்ளே நுழைகிறவர்தான் எல்லாவற்றுக்கும் அந்தக் கழிவு உண்டு என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்தது, கோடு போட்டு அடிக்கப்பட்ட பழைய விலை. 60 வெள்ளியை அடித்து 39 வெள்ளி 90 காசு என்று எழுதினால், 20 வெள்ளி மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தத் துணி என்றைக்காவது 60 வெள்ளிக்கு விற்றதா என்று கேட்பவர் மிகக் குறைவு. ஒருபோதும் விற்காத விலையை அப்படிக் காட்டுவது, 2004 முதல் நடப்பில் இருக்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தின்கீழ் நியாயமற்ற செயல். சட்டம் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்க வேண்டியவர் நாம்தானே?

உணவுக்கு வருவோம். நம் ஊர் உணவங்காடி நிலையங்களில் "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்ற பலகையைப் பார்க்காதவர் இங்கே இருக்க முடியாது. அந்தப் பலகை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கோழி எப்படி அறுக்கப்பட்டது, குழம்பில் சமையல் மது சேர்கிறதா, அந்தச் சட்டியில் நேற்று என்ன வெந்தது என்று அது எதையும் சொல்லவில்லை. "அப்படியானால் நாம் சாப்பிடலாம்" என்ற மூன்றாவது வாக்கியத்தைச் சேர்ப்பது நம்முடைய பசி. 1978 முதல் முயிஸ் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது யாரையும் அவமதிப்பதாகாது. இதே ஊகம் மறுபக்கமும் வேலை செய்கிறது. கடைக்காரர் சொங்கோக் அணிந்திருந்தாலோ, பலகையில் அரபு எழுத்து இருந்தாலோ, அதையே சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நமக்குத் தெரிந்தது அவருடைய தொப்பி மட்டும்தான்.

படித்தவர்கள் இதற்கெல்லாம் மயங்க மாட்டார்கள் என்று யாராவது நினைத்தால், அதுவும் ஓர் ஊகமே. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சந்தைப்படுத்தல் படித்த எங்களுக்கு அங்கே அறிமுகமான ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம்.

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனாலும் "நொறுங்கியபோது" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். "இடித்துக்கொண்டபோது" என்று கேட்டவர்களில் 7 பேர். வேகத்தைப் பற்றிக் கேட்கப்படாதவர்களில் 6 பேர். கேள்வியில் இருந்த ஒரு சொல், கண்ணால் கண்ட காட்சிக்குள்ளேயே கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டது.

மற்றோர் ஆய்வு 1988-இல் வெளிவந்தது. ஒரே மாட்டிறைச்சியைச் சிலரிடம் "75 விழுக்காடு கொழுப்பில்லாதது" என்றும், வேறு சிலரிடம் "25 விழுக்காடு கொழுப்புள்ளது" என்றும் சொன்னார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனாலும் முதல் பெயரைக் கேட்டவர்கள் அதை நல்ல இறைச்சி என்று மதிப்பிட்டார்கள். இதில் நமக்குப் பயன்படும் பாடம் வேறொன்று. இறைச்சியைச் சுவைத்தும் பார்த்தவர்களிடம் அந்த வேறுபாடு குறைந்துபோனது. சொல்லின் பிடி தளர வேண்டுமானால் பொருளை நாமே தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்க்க முடியாத பொருள்களும் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், முழங்கால் வலியுள்ள தாயாரை உம்ராவுக்கு அழைத்துப்போகப் பல ஆண்டுகள் பணம் சேர்த்தது. பயண முகவரின் துண்டுத்தாளில் "ஹரமுக்கு அருகில், சில நிமிட நடை" என்று இருந்தது. போன பிறகுதான் விளங்கியது. அந்த நிமிடங்கள் ஓர் இளைஞரின் நடைக்கு உரியவை. அளவு வெளிமுற்றத்தின் ஓரம் வரைதான். வழியில் மேடு. மக்கா மலைகளுக்கு நடுவே அமைந்த நகரம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் துண்டுத்தாளைப் படிக்கும்போது யாருக்கும் நினைவு வரவில்லை. அந்தத் தாயார் பல நாள் சுபுஹுத் தொழுகையை விடுதி அறையிலேயே தொழுதார். முகவர் பொய் சொல்லவில்லை. "யார் நடக்கிறார்கள்?" என்று அவரும் கேட்கவில்லை, குடும்பத்தாரும் கேட்கவில்லை. அந்தத் தாயாரின் அந்த அதிகாலைகளை யார் திருப்பித் தருவது?

இதைவிடக் கவலை தருவது முதலீடு. "வட்டி இல்லை", "ஷரியா முறைப்படி", "மாதந்தோறும் உறுதியான வருமானம்" என்ற சொற்கள் வரும். கூடவே, "நம்ம ஹாஜியாரும் போட்டிருக்கிறார்" என்ற சொல்லும் வரும். அதைக் கேட்டதும், ஹாஜியார் விசாரித்திருப்பார் என்று நாம் எண்ணுகிறோம். ஹாஜியாரோ, தமக்குச் சொன்னவர் விசாரித்திருப்பார் என்று எண்ணியிருப்பார். இப்படிப் பத்துப் பேர் வரிசையாக நம்பியிருப்பார்கள், ஒருவர்கூட விசாரித்திருக்க மாட்டார். வட்டி இல்லை என்பது மார்க்கத்தைப் பற்றிய செய்தி. பணம் பத்திரமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். சிங்கப்பூர் நாணய ஆணையம் உரிமம் பெற்ற நிறுவனங்களின் விவரத்தையும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதற்காக அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது என்று பொருளாகாது. அங்கேயும் மீதியை நாமே சேர்த்துவிடக் கூடாது.

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். இதே ஊகம் உயிரையும் வாங்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. பெரியோர்கள் பலர் அறிந்தது, இளையர்கள் அறிய வேண்டியது.

1950-இல் நடந்த மரியா ஹெர்தோ வழக்கைச் சொல்கிறோம். டச்சுக் கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஜாவாவில் பிறந்து, போர்க்காலத்தில் அமீனா என்ற மலாய்ப் பெண்மணியிடம் நாட்ரா என்ற பெயரில் முஸ்லிமாக வளர்ந்தவர் அவர். அப்போது அவருக்கு 13 வயது. டிசம்பர் 2-ஆம் தேதி நீதிமன்றம் அவரைப் பெற்றோரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு வரும்வரை அவரைக் கன்னியர் மடத்தில் தங்க வைத்தார்கள். நாளிதழ்கள் உள்ளே போய்ப் படம் எடுத்தன. சில ஆங்கில நாளிதழ்களில் சிறுமி சிரிக்கும் படமும், மாதா சிலை முன் மண்டியிட்ட படமும் வந்தன. மலாய் நாளிதழில் அவர் அழும் படம் வந்தது. சிறுமி ஒருவர்தான். ஆனால் ஒரு நாளிதழைப் படித்தவர், சிறுமி தம் வீடு திரும்பி மகிழ்கிறார் என்று நம்பினார். மற்றதைப் படித்தவர், சிறுமியை வலுக்கட்டாயமாக மதம் மாற்றுகிறார்கள் என்று நம்பினார். அவரவர் நாளிதழ், அவரவர் முன்பே எண்ணியிருந்ததற்குப் படம் போட்டுத் தந்தது.

அந்தச் சிறுமியை மடத்தில் வைத்ததும், படம் பிடிக்க விட்டதும் முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்திய செயல்கள். அதில் ஐயமில்லை. ஆனால் டிசம்பர் 11-ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில், வெள்ளைத் தோல் உடையவர் எல்லாரும் எதிரி என்ற ஊகம் தெருவில் இறங்கியது. அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஐரோப்பியர்களும் யுரேஷியர்களும் பேருந்துகளிலிருந்தும் கார்களிலிருந்தும் இழுத்து அடிக்கப்பட்டார்கள். 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமுற்றார்கள். நாம் ஜும்ஆவுக்குப் போகும் சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களிலும் அந்தக் கலவரம் நடந்தது.

அன்று ஒரு படம் அச்சேறி வர ஓர் இரவாவது ஆனது. இன்று வாட்ஸ்அப்பில் ஒரு நொடி போதும். ஒரே செய்தி மைத்துனரிடமிருந்தும், பள்ளித் தோழரிடமிருந்தும், குடும்பக் குழுவிலிருந்தும் வருகிறது. மூன்று பேர் சொன்னதாக மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் ஒருவர் எழுதியதை மூன்று பேர் தள்ளிவிட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றை, அது மெய்யோ பொய்யோ, மக்கள் அதிகம் நம்புகிறார்கள் என்று 1977-லேயே ஓர் ஆய்வு காட்டியது. காதுக்குப் பழகியதை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது.

ஊகத்தின் சுமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? தமிழ் பேசினால், "நீங்கள் முஸ்லிமா?" என்று வியக்கிறார்கள். தொழுகைக்குப் போனால் மலாயில் பேசத் தொடங்குகிறார்கள். நம் பெயரையும் முகத்தையும் பார்த்து, மீதியை அவர்களே முடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அது உறுத்துகிறது. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரையும், கட்டுமானத் தளத்திலிருந்து நம் கடைக்கு வரும் தம்பியையும் நாம் எப்படி முடித்துக்கொள்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம். திருக்குர்ஆனில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் 18 வசனங்களே உள்ளன. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் வசனமும், பிறரைப் பற்றிய ஊகங்களைத் தவிர்க்கச் சொல்லும் வசனமும் அந்த ஒரே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன.

விற்பவர்களுக்கும் ஒரு வழிகாட்டல் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபிகளார். அந்த வணிகர், தானியம் காய்ந்தது என்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. மேலே காய்ந்திருந்தது, அதுவே பேசியது. வாங்குகிறவரின் ஊகத்துக்கும் விற்பவர் பொறுப்பு என்பதுதான் இதில் எங்களுக்குக் கிடைக்கும் பாடம்.

ஆகவே இளைய வணிகர்களாகிய நாங்கள் இந்த மேடையில் ஓர் உறுதி தருகிறோம். எங்கள் கடை அட்டைகளில் "வரை" என்ற சொல்லை, எண்ணுக்குச் சமமான அளவில் எழுதுவோம். உண்மையில் விற்ற விலையை மட்டுமே பழைய விலையாகக் காட்டுவோம். துணி சாயம் போகும் என்றால், கேட்கும் முன்பே சொல்வோம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போடுங்கள். உம்ராத் துண்டுத்தாள், முதலீட்டுப் படிவம், கைத்தொலைபேசி ஒப்பந்தம், கைப்பேசிக்கு வந்த செய்தி என எதை வேண்டுமானாலும் பெரியவர்கள் கொண்டு வரட்டும். எங்களில் இருவர் எப்போதும் உட்கார்ந்திருப்போம். தாளில் என்ன எழுதியிருக்கிறது, எது எழுதப்படவில்லை, எழுதப்படாததை யாரிடம் கேட்டு அறியலாம் என்று ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படிப்போம். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது அவரவர் முடிவு. ஆனால் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டிய நிலை நம் சமூகத்தில் இருக்கக் கூடாது.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் பலருக்கு ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லவும், பதில் எழுதித் தரவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. படித்த ஒருவர் தம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தார். எழுதியதை எழுதியபடியே படித்துச் சொன்ன அந்த மனிதரை நம்பித்தான் பல குடும்பங்கள் நடந்தன. அந்த வேலை இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறோம்.

மேசையைச் சங்கம் போட்டால், முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நாங்கள் தயார், இன்ஷா அல்லாஹ். நாங்கள் சொன்னவற்றையும் வீட்டுக்குப் போய் விசாரித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறோம்.