தலைச்சன் பிள்ளை தரிக்கும்போது

தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினால், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்கிறோம். பல சமயம் அது சரிதான். ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பி.பி.யும் ஏறினால்? அது முன்சூல்வலிப்பு என்ற கர்ப்பகாலக் கோளாறாக இருக்கலாம். முதல் கர்ப்பத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

ரத்தப் பரிசோதனை இதில் துப்பு கொடுக்கும். நஞ்சுக்கொடி பி.எல்.ஜி.எஃப். என்றொரு புரதத்தைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதம் அது. கூடவே இன்னொரு புரதமும் வருகிறது. இது முதல் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்மடையில் தண்ணீரை மறித்தால் கடைமடை வயல் காயுமில்லையா? அப்படித்தான். வளர்க்கும் புரதம் குறைந்து, மறிக்கும் புரதம் கூடினால் டாக்டர் உஷாராகிவிடுவார். பிரிட்டனில் 2016-லேயே இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைத்துவிட்டார்கள்.

நம்மூரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடையாது. ஆனால் பி.பி.யும் சிறுநீரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள், அம்மா. தலைவலி விடவில்லையா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா, முகம் திடீரென்று வீங்குகிறதா? அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.