திருட்டுப் போன திருமேனிகளும் நமது கடமையும்

(தருமபுரி ஜில்லாவில் கூடிய நமது சங்க வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செப்புத் திருமேனிகளின் களவும் மீட்சியும் என்னும் விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற எழுந்துள்ளேன். காவேரிக் கழிமுகத்தார் பேசவேண்டியதைத் தருமபுரியில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடையை முடிவிற் கூறுவேன்.

முதலில் கடல் கடந்த ஒரு செய்தி. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியா தேசத்தில், பெனின் என்னும் பழைய இராஜ்யம் ஒன்றுண்டு. அதன் அரசருக்கு ஓபா என்று பட்டம். ஓபா ஒருவர் காலஞ்சென்றால், அடுத்துப் பட்டமெய்தியவர் அவர் நினைவாகப் பித்தளையில் தலையுருவம் வார்ப்பித்து அரண்மனைப் பீடத்தில் வைப்பது மரபு. மெழுகில் உருவமைத்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் அவர்களது முறை, நமது சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் முறைக்கு உறவானது. 1897-ம் ஆண்டில் ஆங்கிலப் படை அந்நகரைப் பிடித்து, அரண்மனையைக் கொள்ளையிட்டு, ஓபாவையும் நாடு கடத்திற்று. ஆயிரக்கணக்கான உருவங்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் காட்சிசாலைகளைச் சென்றடைந்தன. அவற்றுள் ஓர் ஓபாவின் தலையை 1957-ல் ஏலத்தில் வாங்கியிருந்த அபர்தீன் சர்வகலாசாலை, 2021-ல் அதனை உரியவர்களிடமே ஒப்படைத்தது. 2025-ல் நெதர்லாந்து தேசம் 119 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது.

பெனின் மக்களின் பொருளைக் கவர்ந்தது படை. கவர்ந்தவர் யார், கவர்ந்த ஆண்டு எது என்பதை உலகறியும். நமது திருமேனிகளோ இருளிற் போயின. கொண்டு போனவன் பொய்ப் பத்திரம் ஒன்று சேர்த்து விற்றுவிடுகிறான். ஆதலின், "இஃது எங்களுடையது" என்று நிரூபிக்கும் பாரம் நம் தலைமேல் விழுகின்றது. அப்பாரத்தை நாம் எவ்வாறு சுமந்தோம் என்பதற்கு மூன்று திருஷ்டாந்தங்கள் சொல்லுகிறேன்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து நடராஜ மூர்த்தி ஒன்று வெளிப்பட்டது. பழுதுபார்க்கக் கொடுத்தபோது மூலத்தை மறைத்துக்கொண்டு, அதேபோற் செய்த ஒரு பிரதியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டனர். ஊரார் அப்பிரதியையே வழிபட்டு வந்தனர். கோயிலில் இருப்பது போலி என்று 1965-ல் எழுதியவர், டக்ளஸ் பாரட் என்னும் ஆங்கில அறிஞர். மூலம் அமெரிக்காவில் 1973-ல் ஒன்பது லட்சம் டாலருக்கு விலைபோய், வழக்கும் உடன்படிக்கையும் கடந்து 1986-ல் தான் தாய்நாடு திரும்பியது. நம் வீட்டுப் பொருளை நாம் அடையாளம் அறியாதிருக்க, அயலார் அறிவித்தது நமக்குப் பெருமையன்று.

இரண்டாவது, பத்தூர். 1976-ல் அங்குள்ள பாழடைந்த விசுவநாத சுவாமி கோயிலருகே மண் தோண்டிய கூலியாள் ஒருவருக்குச் சில திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் நடராஜ மூர்த்தி கைமாறிக் கைமாறி லண்டன் சேர்ந்து, 1982-ல் ஒரு கனடாக் கம்பெனியாரால் வாங்கப்பட்டது. லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அந்த மூர்த்தியைப் பத்தூரில் எவரும் படம் எடுத்தாரில்லை, அளந்தாரில்லை. ஆதலால், கூடக் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, சிற்ப அமைப்பையும் ஒட்டியிருந்த மண்ணையுங்கூட ஆராயவேண்டியதாயிற்று. இடிபாட்டில் நின்ற சிவலிங்கமும் வாதிகளுள் ஒன்றாயிற்று! 1988-ல் தீர்ப்பு நமக்குச் சாதகமாகி, 1991-ல் அப்பீலிலும் உறுதிப்பட்டு, அவ்வாண்டே மூர்த்தி திரும்பினார்.

மூன்றாவது, அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து நடராஜ மூர்த்தி 2006-ல் களவு போனார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் அவரை ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கிற்று. களவை எடுத்துக் காட்டியது யாது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-ல் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் மூர்த்தி இந்தியா வந்து சேர்ந்தார். முன்னதில் சாட்சி தேடி ஆண்டுகள் கழிந்தன. பின்னதில் சாட்சி பெட்டியில் ஆயத்தமாயிருந்தது. இவ்வேற்றுமையை நன்கு சிந்தியுங்கள்.

நிற்க. இனி நமது ஊருக்கு வருவோம். அரூர்ப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் செப்புத் திருமேனிகள் இரண்டு உள. சென்ற ஆடி மாதம் பூசாரியாரை அவற்றின் உயரம் யாதென வினவினேன். "ஒரு மொழம் இருக்குமுங்க" என்றார். என் தமையனார் முக்கால் முழமே என்றார். அருகிலிருந்த என் அத்தையார், "உயரம் எனக்குத் தெரியாது அப்பா, அம்மனுக்கு இடக்கைச் சுண்டுவிரல் முறிந்திருக்கும். அபிஷேகத்திற்கு நீர் கொடுத்தபோது சிறு வயதிற் பார்த்தேன்" என்றார். எடுத்துப் பார்த்தோம், அவ்வாறே இருந்தது. நாளை அத்திருமேனி களவு போமாயின், உலகில் அதற்கு ஒரே சாட்சி அவ்வம்மையாரின் நினைவு. அவருக்கு வயது 81.

ஆகவே, சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இது. ஒவ்வோர் ஊரிலும் குலதெய்வத் திருமேனிகளை நாற்புறமும் படமெடுத்து, உயரம், எடை, பீடத்து எழுத்து, முறிவு, தழும்பு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ஒரு பிரதி ஊரிலும் மற்றொன்று சங்கத்திலும் இருக்கட்டும். அக்குறிப்பை அயலார்க்குக் காட்டித் திரியவேண்டாம். அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நட்ட கல்லை ஔவையார் பாடிய சீமை இது, நமது நிலங்களில் நிற்கும் நடுகற்களையும் அவ்வாறே பதிவு செய்யுங்கள், அவற்றைத் துவைகல்லாக்காதீர்கள். மண்ணில் செம்போ பொன்னோ கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையற் சட்டப்படி அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். பத்தூர் மூர்த்தி லண்டன் போனது, அறிவிக்காமல் விற்றதனாலன்றோ?

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு நாட்பொழுதும், ஒரு நோட்டுப் புத்தகமும், நம் இளைஞர் கையிலுள்ள தொலைபேசியும் போதும். அத்தையார் போன்ற முதியோர் நம்மோடிருக்கும்போதே செய்யவேண்டும். எங்கள் கோயிற் குறிப்பின் பிரதியை இன்று அக்கிராசனர் அவர்களிடம் சமர்ப்பிக்கின்றேன். அடுத்த கூட்டத்திற்குள் மற்ற ஊரார் குறிப்புகளும் வந்து சேருமென நம்பி, என் உரையை முடித்துக்கொள்ளுகிறேன்.